பிரின்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மையைப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடையிலோ போய், "வீட்டுல ஆபீஸ் வேலைக்கு ஒரு பிரின்டர் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "கார்ட்ரிட்ஜா, டேங்க்கா சார்?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். 15 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வீட்டுக்கு இங்க்ஜெட் என்றால் கார்ட்ரிட்ஜ்தான். இயந்திரம் மலிவாகக் கையில் கிடைக்கும். மை தீர்ந்து இரண்டாவது கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகும்போதுதான் விலை உறைக்கும்.

கார்ட்ரிட்ஜின் இந்தப் பிடியைத் தளர்த்தியவர்கள் சின்னச் சின்னக் கடைக்காரர்கள். கார்ட்ரிட்ஜில் துளை போட்டு, மெல்லிய குழாய்களைச் சொருகி, பக்கத்தில் வரிசையாக மை பாட்டில்களை வைத்துவிடுவார்கள். மை தீரத் தீர ஊற்றிக்கொள்ளலாம். வாரன்டி போகும், மை கசியும், மேசை கறையாகும். ஆனாலும் கணக்கு கட்டுப்படியாயிற்று. ஆசிய நாடுகள் பலவற்றில் இது பரவியது. தமிழ்நாட்டு ஜெராக்ஸ் கடைகளிலும் விலாவில் நாலு குழாய் தொங்கும் பிரின்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதைத் தடுத்துப் பயனில்லை என்று கண்ட எப்சன் நிறுவனம், 2010 அக்டோபரில் தொட்டியோடு கூடிய பிரின்டரைத் தானே செய்து இந்தோனேசியாவில் விற்பனைக்கு விட்டது. அடுத்து இந்தியாவுக்கும் வந்தது. கேனன், எச்பி, பிரதர் நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன.

இப்போது கடையில் இரண்டு வகையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுமே அச்சிடும், ஸ்கேன் செய்யும், நகல் எடுக்கும். ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எதை வாங்குவது?

ஒரு பக்கத்துக்கு என்ன செலவு?

மை பாட்டிலிலும் கார்ட்ரிட்ஜிலும் 'இத்தனை பக்கம் வரும்' என்று போட்டிருப்பார்கள். எச்பி 682 கறுப்பு கார்ட்ரிட்ஜுக்கு அந்த எண் 480. அதன் மூவண்ண கார்ட்ரிட்ஜுக்கு 150. எப்சன் எல்3250 போன்ற மாடல்களுக்கான 65 மில்லி கறுப்பு பாட்டிலுக்கு 4,500. கேனன் ஜி வரிசையின் ஜிஐ-790 கறுப்பு பாட்டிலுக்கு 6,000. இவை வாய்க்கு வந்த எண்கள் அல்ல. ஐஎஸ்ஓ தரமுறைப்படி, ஐந்து மாதிரிப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு எடுக்கும் அளவை ஒட்டியவை. ஆனால் அந்தச் சோதனையில் பிரின்டர் நிற்காமல் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் உயிர் பெறும் வீட்டு பிரின்டரில், மையைத் துப்பும் அச்சுத்தலையைச் சுத்தம் செய்யவே கொஞ்சம் மை போய்விடும். முதல் தடவை ஊற்றும் மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே சரியாகிவிடும். எனவே பெட்டியில் உள்ள எண்ணில் கொஞ்சம் கழித்துக்கொள்வது நல்லது.

இனி கணக்கு. 120 பக்கம் வரும் சிறிய கறுப்பு கார்ட்ரிட்ஜ் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 5 ரூபாய் ஆகிறது. 4,500 பக்கம் வரும் பாட்டில் 350 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 8 காசு. மாதம் 200 பக்கம் அச்சிடுபவருக்கு ஒருபுறம் 1,000 ரூபாய், மறுபுறம் 16 ரூபாய். டேங்க் பிரின்டர் 8,500 ரூபாய் கூடுதல் விலை என்றாலும் ஒன்பது மாதத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். மாதம் 20 பக்கம் மட்டும் அச்சிடுபவருக்கோ அதே 8,500 ரூபாயை மீட்க ஏழு ஆண்டுகள் வேண்டும். அதற்குள் பிரின்டரே பழசாகிவிடும்.

வீட்டில் டியூஷன் எடுத்து, வாராவாரம் இருபது பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பவருக்கு டேங்க்தான் சரி. ஆன்லைனில் சேலை விற்று, தினமும் பத்துப் பதினைந்து பார்சலுக்கு முகவரி ஒட்டுபவருக்கும் அப்படியே. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை ரயில் டிக்கெட்டும் வங்கி விண்ணப்பமும் எடுப்பவர், தெருமுனைக் கடையில் பக்கத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்தாலும் லாபம்தான்.

காய்ந்துபோகும் தலை

1977-இல் ஜப்பானில் கேனன் நிறுவன ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய ஊசியின் மீது சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. சூடு பட்டதும் குமிழி உண்டாகி மையை வெளியே தள்ளுகிறது என்று புரிந்துகொண்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் எச்பி நிறுவனமும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து, 1984-இல் திங்க்ஜெட் என்ற பிரின்டரை வெளியிட்டது. கேனனும் எச்பியும் இன்றும் வீட்டு இங்க்ஜெட்டில் சூட்டால் மையைத் துப்ப வைக்கின்றன. எப்சனும் பிரதரும் வேறு வழியில் போயின. மின்சாரம் பட்டால் நெளியும் பீசோ படிகத்தால் மையைப் பிதுக்குகின்றன.

இந்த வேறுபாட்டால் அச்சுத்தரத்தில் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழுது வரும்போதுதான் தெரியும். முடியைவிட மெல்லிய துளைகள் வழியே மை வருவதால், பல வாரம் சும்மா கிடந்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும். எச்பி 682 போன்ற கார்ட்ரிட்ஜில் அச்சுத்தலை கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. அடைத்துப்போனால் புது கார்ட்ரிட்ஜோடு புதுத் தலையும் வந்துவிடும். கேனன் ஜி வரிசை டேங்க் பிரின்டர்களில் தலையைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியும். எப்சனில் தலை இயந்திரத்தோடு பொருந்தியது, நீண்ட நாள் உழைப்பது; ஆனால் ஒரேயடியாக அடைத்துக்கொண்டால் சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்க வேண்டும், செலவும் அதிகம்.

அடைப்பு வராமல் காக்க இரண்டு பழக்கங்கள் போதும். வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கம் அச்சிட வேண்டும். அடுத்தது, சுவரில் உள்ள சுவிட்சை முதலில் அணைக்கக் கூடாது. பிரின்டரில் உள்ள பவர் பட்டனை அழுத்தினால், தலை மெல்ல வலது ஓரத்துக்கு நகர்ந்து, ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்த பிறகே விளக்கு அணையும். அச்சு நடக்கும்போது நேரே சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டால் தலை நடுவழியில் திறந்தபடி நின்று காயும். இரவு மெயின் சுவிட்சை அணைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இதை எல்லோருக்கும் சொல்லிவைப்பது நல்லது.

மையில் இரண்டு சாதி

இங்க்ஜெட் மையில் சாய மை, நிறமி மை என இரண்டு உண்டு. சாய மை தண்ணீரில் கரைந்த நிறம். தாளின் இழைக்குள் ஊறிப்போகும். படங்களில் நிறம் பளிச்சென்று வரும். நிறமி மையில் நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. அவை தாளின் மேலேயே தங்கி எழுத்தைக் கூர்மையாகக் காட்டும், ஈரம் பட்டாலும் எளிதில் கலையாது.

பில்லும் ரசீதும் கடிதமும் அடிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். சாய மையில் அடித்த பில்லை எடுத்து, எழுத்தின் மேல் ஈர விரலால் ஒரு முறை தேய்த்தால் நீலம் கலந்த கறுப்பு கோடாக இழுக்கும். ஹைலைட்டர் பேனாவும் அதே வேலையைச் செய்யும். மழைக்காலத்தில் பார்சல் மேல் ஒட்டிய முகவரி, போய்ச் சேருவதற்குள் பாதி அழிந்திருக்கும். கேனன் ஜி வரிசைப் பாட்டில்களிலும் எச்பி டேங்க் மாடல்கள் பலவற்றிலும் கறுப்பு நிறமி மை, மற்றவை சாய மை. எப்சன் எல்3250-க்கான 003 மை நான்குமே சாய மை. படம், பிள்ளைகளின் பிராஜெக்ட், திருமண அழைப்பு மாதிரி என்றால் சாய மை தோற்காது. அலுவலகக் காகிதமே பிரதானம் என்றால் கறுப்பாவது நிறமியாக இருக்கட்டும்.

ஸ்கேனர் கண்ணாடிக்குக் கீழே

விலை குறைந்த ஆல்-இன்-ஒன்களில் ஸ்கேனர் மெலிதான உணர்கருவியால் ஆனது. கண்ணாடியில் ஒட்டிக் கிடப்பதைத் தெளிவாகப் படிக்கும். சற்றே மேலே எழும்பினாலும் மங்கிவிடும். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பும் தைத்த பத்திரத்தின் ஓரமும் புகையாக வருவது இதனால்தான். தனித்தாளாக இருக்கும் ஆவணங்களுக்கு 300 டிபிஐ போதும். அதற்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கும். அரசு இணையதளங்களில் ஏற்றும்போது 'அளவு அதிகம்' என்று திருப்பி அனுப்பும்.

வரிக்கணக்கு பார்ப்பவர்களுக்கும், ஒரே நேரத்தில் முப்பது, நாற்பது பக்கம் ஸ்கேன் செய்பவர்களுக்கும் மேலே தாள்களை அடுக்கிவைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் வசதி அவசியம். இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு மாடல்களின் கண்ணாடி ஏ4 அளவே. நம்மூர்ப் பத்திரங்கள் பல லீகல் அளவு. கண்ணாடியில் வைத்தால் அடியில் இரண்டு அங்குலம் வெட்டுப்படும். ஏடிஎஃப் உள்ள மாடல்களில் பெரும்பாலானவை லீகல் தாளையும் முழுதாக வாங்கிக்கொள்ளும். ஆதார் அட்டையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒரே பக்கத்தில் நகல் எடுக்கும் வசதி சில மாடல்களில் தனி பட்டனாகவே இருக்கிறது. நம் நாட்டு அலுவலக வேலைக்கு அதைவிட அதிகம் அழுத்தப்படும் பட்டன் வேறு இருக்காது.

தாளின் இருபுறமும் தானே அச்சிடும் டூப்ளெக்ஸ் வசதிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. கட்டுக்கட்டாக அச்சிடுபவருக்குத் தாள் செலவு பாதியாகும். இல்லாத மாடலில் நாமே தாளைத் திருப்பிப் போட்டு, தலைகீழாக வந்தால் மறுபடி அடிக்க வேண்டும்.

பெட்டியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து

எல்3250-இன் பெட்டியில் நிமிடத்துக்கு 33 பக்கம் என்று பெரிதாக இருக்கும். அது மங்கலான டிராஃப்ட் அச்சில் வரும் வேகம். ஐஎஸ்ஓ அளவின்படி அதே இயந்திரம் நிமிடத்துக்குக் கறுப்பில் 10 பக்கம், வண்ணத்தில் 5 பக்கம்தான் அடிக்கும். 'ஐபிஎம்' (ipm) என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை வைத்தே ஒப்பிட வேண்டும்.

வைஃபை உள்ள பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். புது ஃபைபர் இணைப்பின் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பிரின்டர் அதைக் காணவே காணாது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் முன், ரவுட்டரில் 2.4-ஐ இயக்கிப் பாருங்கள்.

பெட்டியில் வராத விஷயம் ஒன்றும் உண்டு. சுத்தம் செய்யும்போது வெளியேறும் மை, அடியில் உள்ள பஞ்சில் சேர்கிறது. அது நிறைந்துவிட்டதாக உள்கணக்கு சொன்னால் பிரின்டர் நின்றுவிடும். பழைய மாடல்கள் பலவற்றில் இதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும். 'மெயின்டெனன்ஸ் பாக்ஸ்' என்ற பெயரில் அந்தப் பஞ்சை நாமே கழற்றி மாற்றும்படி உள்ள மாடல் கிடைத்தால், சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கலாம்.

கார்ட்ரிட்ஜ் மாடல் வாங்குபவர்கள் பூட்டைக் கவனிக்க வேண்டும். வேறு நிறுவன சிப் உள்ள கார்ட்ரிட்ஜை மறுக்கும்படி மென்பொருளால் தடுக்கும் முறை பல ஆண்டுகளாக உள்ளது. இதை வாங்குவோருக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் எச்பி நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது.

வண்ணமே வேண்டாம், எழுத்து மட்டும்தான், அதுவும் எப்போதாவது என்பவர்கள் கறுப்பு-வெள்ளை லேசர் ஆல்-இன்-ஒன்னைப் பார்க்கலாம். டோனர் பொடி காயாது. ஆனால் தாளைச் சூடேற்ற லேசருக்கு நூற்றுக்கணக்கான வாட் மின்சாரம் வேண்டும்; சிறிய யுபிஎஸ் தாங்காது. இங்க்ஜெட்டுக்குப் பத்துப் பதினைந்து வாட் போதும். மின்வெட்டில் இன்வெர்ட்டரை நம்பி வேலை செய்யும் வீட்டுக்கு இதுவும் ஒரு கணக்கு.

மாதம் நூறு பக்கத்துக்கு மேல் அச்சிடும் வீட்டு அலுவலகத்துக்கு, கறுப்பு நிறமி மையும் வைஃபையும் கழற்றி மாற்றும் மெயின்டெனன்ஸ் பாக்ஸும் உள்ள டேங்க் ஆல்-இன்-ஒன் போதுமானது. ஸ்கேன் வேலை அதிகமானால் ஏடிஎஃப் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதற்கான மை இப்போது உங்களிடம் இருக்கிறதா, என்ன விலை? வாரன்டி ஓராண்டு மட்டுமா, இத்தனை பக்கம் என்ற வரம்பும் உண்டா? சர்வீஸ் சென்டர் நம் ஊரிலேயே இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர் நேரான பதில் சொல்லாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த மாடலை வாங்காதீர்கள்.