இனிக்கும் வேர், எச்சரிக்கும் வேர்

தொண்டை கட்டிக்கொண்டால் நாட்டுமருந்துக் கடையில் ஒரு மஞ்சள் வேர்த்துண்டு தருவார்கள். அதுதான் அதிமதுரம்; ஆயுர்வேதத்தில் யஷ்டிமது. வாயில் அடக்கிக்கொண்டால் உமிழ்நீரோடு இனிப்பு மெல்ல இறங்கும். கரகரப்பு தணியும், வறட்டு இருமலும் சற்று அடங்கும். அறிவைக் கூர்மையாக்கும் நான்கு மருந்துகளில் ஒன்றாக, பாலில் கலந்த அதிமதுரப் பொடியைச் சரக சம்ஹிதை சொல்கிறது.

அந்த இனிப்பைத் தருவது கிளிசிரைசின் என்ற பொருள். சர்க்கரையைவிட ஏறக்குறைய 50 மடங்கு இனிப்பு அதற்கு. ஆனால் அது நாக்கோடு நிற்பதில்லை, நேயர்களே. 1946-இல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அதிமதுரச் சாறு வயிற்றுப்புண்ணை ஆற்றுவதாக எழுதினார். அதே சாற்றைக் குடித்த சிலருக்கு உடம்பில் நீர் கோத்து வீக்கம் கண்டதையும் அவர் மறைக்கவில்லை. கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இரண்டொரு நாள் தொண்டைக்குச் சுவைப்பது வேறு, வாரக்கணக்கில் கஷாயமாகக் குடிப்பது வேறு. மூலிகைதானே என்று இருந்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் அதிமதுரத்தைத் தொட வேண்டாம்.