தூத்துக்குடிக்கு ஒரு முழு நாள்: உப்பு, தோணி, மக்ரூன்

திருச்செந்தூர் போகிறவர்கள் தூத்துக்குடிக்குக் கொடுக்கும் நேரம் பெரும்பாலும் பதினைந்து நிமிடம். வண்டியை ஓரமா நிறுத்தி, அரைக் கிலோ மக்ரூன் வாங்கி, கிளம்பிவிடுவார்கள். என் கணிப்பில் அந்த ஊருக்கு ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் தேவை. அங்கே பார்க்க வேண்டியதும் சாப்பிட வேண்டியதும் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் துறைமுகத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டவை. அந்த முடிச்சு புரிந்தால் ருசி கொஞ்சம் கூடுகிறது என்பது என் அனுபவம்.

காலையில் முதலில் உப்பளம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்துடையது. ஏன் இங்கே? தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுகிறது. ஆனால் அந்தக் காற்று மட்டும் கணவாய்கள் வழியாகப் புகுந்து, ஈரம் வற்றிய காற்றாக இந்தக் கரை மேல் அடிக்கிறது. மழை இல்லை, காற்று உண்டு, வெயில் உண்டு. ஆவியாதலுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

உப்பு காய்ச்சுவது என்பது அசலில் ஒரு வடிகட்டும் வேலை. கடல் நீரில் உப்பு மட்டுமா இருக்கிறது? சுண்ணாம்பு, ஜிப்சம், மக்னீசியம் எல்லாம் கலந்துதான் இருக்கிறது. நீரின் அடர்த்தியை ‘போமே’ டிகிரியில் அளப்பார்கள். கடல் நீர் சுமார் 3 டிகிரி. இங்கே பல அளங்களில் கடல் நீருக்குப் பதில் நிலத்தடி உவர் நீரை இறைக்கிறார்கள். அது இன்னும் அடர்த்தி, வேலை சீக்கிரம் ஆகும். நீரைத் தெப்பம் தெப்பமாக மாற்றிக்கொண்டே போக, வழியில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிந்துவிடும். 25 டிகிரியைத் தொட்டதும் பாத்திக்கு விடுவார்கள். அங்கே சாப்பாட்டு உப்பு படிகமாக இறங்கும். 29 டிகிரிக்கு மேல் போக விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும். அதற்குள் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஒவ்வொரு பொருளும் அதனதன் வரிசையில் தானாக வெளியே வருகிறது, நாம் செய்வது சரியான இடத்தில் மடையைத் திறப்பதும் அடைப்பதும் மட்டுமே. நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆனால் அந்தப் பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாருகிறவர்களைப் பார்த்தபின் இந்த ரசனை கொஞ்சம் அடங்கும். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது, உவர் நீர் கால் தோலைத் தின்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலையே கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் பாத்தி வரப்பை மிதித்து உடைக்காமல் இருந்தாலே பெரிய உபகாரம். மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அங்கிருந்து கடற்கரைச் சாலை. பனிமய மாதா ஆலயம் 1713இல் எழுந்தது. ஊர்க்காரர்களுக்கு அது ‘பெரிய கோயில்’. ஆகஸ்ட் 5 திருவிழா, ஜூலை 26இலேயே கொடியேறிவிடும். 1530களில் இந்தக் கரையின் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவினார்கள். முத்துக்குளித்துறையை யார் ஆள்வது என்ற சண்டையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1658இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், பிறகு ஆங்கிலேயர். எல்லோரையும் இழுத்தது முத்து. கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சங்கு குளிப்பு அதன்பிறகும் தொடர்ந்தது. இந்தக் கடலின் சங்குதான் வங்காளத்து மணப்பெண் கையில் வெள்ளை வளையலாக ஏறுகிறது.

கோயிலிலிருந்து நடந்தே பழைய துறைமுகம் பக்கம் போகலாம். இங்கேதான் தோணிகளைப் பார்க்க வேண்டும். மரத்தில் கட்டிய சரக்குக் கலங்கள். ஒரு காலத்தில் முழுக்கப் பாய்மரம், இப்போது இயந்திரமும் உண்டு. இந்த ஊரில் தோணித் தொழில் வேர்விட்டதற்குக் காரணம் கடலின் ஆழமின்மை. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டன. பஞ்சு மூட்டையை அங்கே கொண்டுபோய் ஏற்றவும் வந்த சரக்கை இறக்கவும் தோணி வேண்டும். நகரின் பழைய சாலைக்கு கிரேட் காட்டன் ரோடு என்று பெயர் விழுந்ததும் அந்தப் பஞ்சால்தான். 1876இல் ரயில் வந்தது, கொழும்புக்குப் போகிற பயணிகளும் இங்கே வந்து கப்பலேறினார்கள். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் தூத்துக்குடி-கொழும்பு தடத்தை நம்பித்தான். பெரிய கப்பல் நேராக அணையும் புதிய துறைமுகம் 1974இல்தான் பெருந்துறைமுகம் ஆனது. அதற்கு ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்துக்குக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது.

கன்டெய்னர் வந்தபின் தோணிக்கு வேலை சுருங்கிவிட்டது. வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் என்று மாலத்தீவுக்கு இன்னும் போகின்றன. தென்மேற்குக் காற்று மூர்க்கமாக இருக்கும் மாதங்களில் ஓட்டம் நின்றுவிடும். தோணி உலகத்தை உள்ளிருந்து தெரிந்துகொள்ள ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவலைப் படிக்கலாம். தடித்த புத்தகம், ஆனால் ரயிலில் போகும்போதே ஆரம்பித்துவிடலாம்.

ஆழமின்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் இந்தக் கரைக்கு வேலி. பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி எடுத்தார்கள். விளைவு, தூத்துக்குடிக்கு எதிரே உள்ள விலங்குசல்லி நீருக்குள் போய்விட்டது. வான் தீவு பாதிக்கு மேல் கரைந்தபின், அதைக் காக்க இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். உங்கள் தட்டுக்கு வரும் மீனில் கணிசமானது இந்தப் பாறைகளை நம்பி வளர்வது.

மீன் சாப்பாடு மதியத்துக்கு. இங்கே விசைப்படகுகள் விடியற்காலை கிளம்பி இரவில் திரும்பும் வழக்கம் உள்ளவை. நாள்கணக்கில் ஐஸில் கிடந்த மீன் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் விசைப்படகு இறங்காது; நாட்டுப்படகு மீன்தான், விலையும் எகிறும். மீன் பார்க்கவே பிடிக்குமென்றால் இரவு ஒன்பது மணி வாக்கில் மீன்பிடித் துறைமுகத்து ஏலத்தைப் பாருங்கள். ஓரமா நிக்கணும், ஓடுகிற கூடைக்காரர்களுக்கு வழிவிடணும், அவ்வளவுதான்.

பரோட்டாக் கடைகளை இங்கே பழைய ஆட்கள் ‘நைட் கிளப்’ என்பார்கள். வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டு முழிப்பது ஊருக்கே ஒரு பொழுதுபோக்கு. பொரிச்ச பரோட்டாவை சால்னா ஊற்றி உடனே சாப்பிடுங்கள், ஊறினால் கதை முடிந்தது.

இனி மக்ரூன். முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி. மைதா, வெண்ணெய் கிடையாது. வெள்ளைக் கருவை அடிக்கும்போது அதன் புரதம் சுருள் அவிழ்ந்து காற்றுக் குமிழைச் சுற்றிப் படலமாகிறது. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் அதன் கொழுப்பு படலத்தைக் கெடுத்து, நுரை நிற்காமல் பண்ணிவிடும். சர்க்கரை அந்த நுரையைத் தாங்கிப் பிடிக்கிறது. முந்திரித் தூளைக் கலந்து, காகிதக் கூம்பில் வைத்துப் பிழிந்து, தணிந்த சூட்டு அடுப்பில் மணிக்கணக்கில் உலரவிடுவார்கள். வேகவைப்பதைவிடக் காயவைப்பது என்பதே பொருத்தம். யோசித்தால் இதுவும் உப்பளத்து வேலைதான்.

போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பண்டம் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். முந்திரி மரம் பிரேசிலிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது, உண்மை. ஆனால் அவர்கள் போனது 1658இல். பெயரோ ஆங்கிலம் வழி வந்தது. ஐரோப்பாவின் பாதாம் பண்டத்தில் பாதாமுக்குப் பதில் மலிவாகக் கிடைத்த முந்திரியைப் போட்ட ஆங்கிலேயர் காலத்து பேக்கரி வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ரொம்ப மலிவாகக் கிடைப்பதில் நிலக்கடலை இருக்கும். ஒன்றைக் கடித்தால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும், ஆகவே கடலோர ஊரில் பொட்டலம் பிரித்து ஒரு மணி நேரம் வைத்தாலே பிசுபிசுக்கும். காற்றுப் புகாத டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

பையில் இடமிருந்தால் மாசிக் கருவாடும் வாங்குங்கள். சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தது. மாலத்தீவு, மினிக்காய் பக்கத்துப் பண்டம். ஜப்பான்காரர்களின் கட்சுவோபுஷியும் இதே சூரை மீனில் செய்வதுதான். தட்டினால் கட்டை மாதிரி சத்தம் வர வேண்டும். இடித்து, சின்ன வெங்காயம், மிளகாய், தேங்காய், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சம்பல் செய்தால் பழைய சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். ரயிலில் மக்ரூனோடு ஒரே பையில் மட்டும் வைத்துவிடாதீங்க.