மன இறுக்கம்: உடல் அசைவும் கூட்டுரையாடலும் தரும் ஆறுதல்

அச்சம், சினம், துயரம் ஆகியவை உள்ளத்தில் மட்டும் நிகழ்வன அல்ல, உடலிலும் நிகழ்வன. தமிழ் மக்களின் அன்றாடப் பேச்சே இதற்குச் சான்று. ‘நெஞ்சு படபடக்கிறது’, ‘வயிறு எரிகிறது’, ‘தலை கனக்கிறது’, ‘கை கால் ஓடவில்லை’ என்னும் தொடர்கள் உள்ளத்தின் நிலையை உடலின் வழியாகவே உணர்த்துகின்றன. விஞ்ஞானம் இவ்வுண்மையைச் சென்ற நூற்றாண்டில்தான் பரிசோதனைகளின் மூலம் விளக்கத் தொடங்கியது. உடலின் வழியாக வெளிப்படும் மன இறுக்கத்தை உடலின் வழியாகவே தணிக்க இயலுமா என்பது அதன் பின் எழுந்த வினா. அவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் மும்பை மருத்துவர்களுக்குச் சிறப்பான இடம் உண்டு.

இவ்வினா அந்நகருக்கு மிக நெருக்கமானது. தாராவியில் 2.5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் மக்கள் வாழ்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் அடங்குவர். ஓர் அறையே சமையற்கூடமாகவும் படுக்கையறையாகவும் பல வீடுகளில் தொழிற்கூடமாகவும் இருக்கிறது. தனியே அமர்ந்து அழுவதற்குக்கூட அங்கே இடமில்லை. அடுத்துள்ள மாதுங்காவிலும், சற்று அப்பால் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கவலைகள் வேறு வகையானவை: நீண்ட ரயில் பயணம், அலுவலகச் சுமை, பிள்ளைகள் தொலைவில் இருக்க முதுமையில் நேரும் தனிமை. காரணங்கள் வேறாயினும் உடல் அவற்றுக்கு மறுமொழி கூறும் முறை ஒன்றே.

உடல் எழுப்பும் அபாய அறிவிப்பு

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஆபத்தைக் காணும் உயிர் போரிடவோ தப்பி ஓடவோ ஆயத்தமாவதை விளக்கினார். அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமடைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தடைப்படுகிறது. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆபத்து நீங்காவிடில் என்ன ஆகும்? மான்ட்ரியலில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே 1936-ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினார். வெவ்வேறு துன்பங்களுக்கு நெடுநேரம் ஆளாக்கப்பட்ட எலிகள் யாவற்றிலும் ஒரே வகையான சிதைவுகளை அவர் கண்டார்: அட்ரினல் சுரப்பி பருத்தது, இரைப்பையில் புண்கள் தோன்றின.

புலியைக் கண்டு எழும் எச்சரிக்கை சில நிமிடங்களில் அடங்கிவிடும். வாடகைப் பாக்கி, குடிகார உறவினர், வீடு இடிபடுமோ என்னும் ஐயம் ஆகியவற்றால் எழும் எச்சரிக்கைக்கு முடிவு நேரம் இல்லை. போரிடவும் முடியாமல் ஓடவும் முடியாமல் உடல் ஆயத்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. உறக்கமின்மை, தலைவலி, முதுகுவலி, செரியாமை என்று அது வெளிப்படுகிறது. அவ்வலிக்கு மாத்திரையும் டானிக்கும் வாங்கி உட்கொண்டு, வலி தீராமல் மீண்டும் மருந்தகத்தை நாடுவோர் பலர்.

மூச்சு என்னும் கைப்பிடி

இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் மனிதன் தன் விருப்பப்படி நேரே மாற்ற இயலாது. மூச்சு ஒன்றே தானாகவும் நடைபெறுகிறது. விரும்பினால் கட்டுப்படவும் செய்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவடைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. வேகஸ் நரம்பின் செயலே இதற்குக் காரணம். அமைதியாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதனைச் சுமார் 6 முறையாகக் குறைத்தால் இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் நரம்பு அமைப்பு திறம்படச் செயற்படுவதாக இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2001-ஆம் ஆண்டில் கண்டனர். ஜெபமாலை உருட்டிச் சொல்லும் பிரார்த்தனையும் யோக மந்திரமும் மூச்சை ஏறத்தாழ இதே அளவுக்குக் கொணர்ந்தன என்பது அவ்வாய்வின் சுவையான முடிவு. மெல்ல அசைந்து, அசைவோடு மூச்சையும் இசைவிப்பதால் உடலுக்கு ‘ஆபத்து நீங்கிற்று’ என்னும் செய்தி செல்கிறது எனலாம்.

பரேலில் நடந்த ஆராய்ச்சி

யோகத்தைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் மேற்கிந்தியா முன்னின்றது. ஸ்ரீ யோகேந்திரர் 1918-ஆம் ஆண்டில் பம்பாயின் வெர்சோவாவில் யோக நிலையத்தை நிறுவினார். சுவாமி குவலயானந்தர் 1924-ஆம் ஆண்டில் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கி, ஆசனங்களின்போது உடலில் நிகழும் மாறுதல்களை அளந்து வெளியிட்டார்.

இவற்றின் பின் வந்த ஓர் ஆராய்ச்சி தனிக் கவனத்துக்குரியது. மாதுங்காவுக்கு அருகில் பரேலில் உள்ள கே. ஈ. எம். மருத்துவமனையில் மனநோய் மருத்துவராக இருந்த என். எஸ். வாஹியாவும் அவருடைய குழுவினரும் 1960-களிலும் 1970-களிலும் பதஞ்சலியின் கருத்துகளைத் தழுவி ஒரு சிகிச்சை முறையை வகுத்தனர். தீராத பதற்றமும் மனக்கவலையால் விளைந்த உடற்கோளாறுகளும் கொண்ட நோயாளிகள் நாள்தோறும் சில வாரங்கள் பயிற்சி பெற்றனர். ஒரு பிரிவினர் ஆசனம், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றோடு கவனத்தை உள்முகமாகத் திருப்பி நிலைநிறுத்தவும் கற்றனர். மற்றொரு பிரிவினர் அவற்றை ஒத்த அசைவுகளை மட்டும் செய்தனர். கவனப் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. முதற் பிரிவினரே மிகுந்த நலம் பெற்றனர்.

இம்முடிவின் பொருள் ஆழமானது. கையை உயர்த்துவதும் முதுகை வளைப்பதும் மட்டும் போதா. அவ்வசைவைக் கவனத்தோடு உணர்வதே பயனின் பெரும்பகுதியைத் தருகிறது. அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் 1979-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய 8 வாரப் பயிற்சியும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. அதில் எளிய ஆசனங்களும் அமர்ந்து கவனிக்கும் பயிற்சியும் உண்டு. வாரந்தோறும் குழுவாகக் கூடித் தம் அனுபவத்தைப் பேசுவதும் அதன் இன்றியமையாத பகுதி.

கூடிப் பேசுவதன் பயன்

குழுவின் ஆற்றலை மருத்துவ உலகம் தற்செயலாகவே அறிந்தது. பாஸ்டன் நகர மருத்துவர் ஜோசப் பிராட், 1905-ஆம் ஆண்டில் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டி உடல்நல விதிகளைக் கற்பித்தார். பாடத்தைவிட ஒருவரையொருவர் கண்டு பெற்ற துணிவே அவர்களுக்குப் பெரிதும் உதவியது. இக்காலத்தில் ஜிம்பாப்வே நாட்டில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய ‘நட்புப் பலகை’ என்னும் பணியில், பயிற்சி பெற்ற பாட்டிமார் துயருற்றோரிடம் பேசி வழி காட்டுகின்றனர். பின்னர் அவர்கள் குழுவாகக் கூடிப் பைகளைப் பின்னிக்கொண்டே உரையாடுகின்றனர். கை ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது வாய் எளிதில் திறக்கிறது என்பதை அப்பளம் இடும் பெண்கள் எவரும் அறிவர்.

உணர்ச்சிக்குப் பெயரிடுவதே அதன் வேகத்தைக் குறைக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. முகங்களில் கண்ட உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்டபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல் தணிந்ததைக் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் 2007-ஆம் ஆண்டில் பதிவு செய்தனர்.

தாராவியில் இத்தகைய கூட்டுப்பணிக்கு நெடுநாள் அனுபவம் உள்ளது. சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவராக விளங்கிய ஆர்மிடா பெர்னாண்டஸ் முதலியோர் 1999-ஆம் ஆண்டில் நிறுவிய ‘ஸ்நேஹா’ அமைப்பு, குடிசைப் பகுதிப் பெண்களைக் குழுக்களாகத் திரட்டி உடல்நலத்தையும் குடும்ப வன்முறையையும் பற்றிப் பேசச் செய்து வந்துள்ளது. 2015-ஆம் ஆண்டில் அவ்வமைப்பு தாராவியில் நடத்திய கலைவிழாவுக்காகப் பெண்கள் ஒன்றுகூடி, வன்முறையின் வடுக்களைத் துணியில் தையல் வேலையாக உருவாக்கினர். வாயால் சொல்லக் கூசியதை ஊசியும் நூலும் சொல்லின.

பயிற்சிக் கூட்டம் நடைபெறும் முறை

இத்தகைய கூட்டத்துக்குப் பெரிய மண்டபம் வேண்டுவதில்லை. எட்டுப் பத்துப் பேர் அமரக்கூடிய பாலர்பள்ளி அறையோ கோயில் திண்ணையோ போதும். முதலில் அனைவரும் கால்களை ஊன்றி நின்று, பாதம் தரையைத் தொடுவதை உணர்கின்றனர். பின்னர் மூச்சை இழுத்தவாறே கைகளை மெல்ல உயர்த்தி, விட்டவாறே தாழ்த்துகின்றனர். தோள், கழுத்து, முதுகு ஆகியவை எங்கே இறுகியுள்ளன என்பதைக் கவனிக்கின்றனர். விரைவும் போட்டியும் இங்கே கூடா. நிற்க இயலாதவர் அமர்ந்தே செய்யலாம். கால் மணி நேரம் கழிந்தபின் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் விரும்பினால் மட்டும் பேசுகின்றனர். ‘இவ்வாரம் எது சுமையாக இருந்தது? அதனை உடலில் எங்கே உணர்ந்தீர்கள்?’ என்னும் இரு வினாக்களே போதுமானவை. கேட்போர் அறிவுரை கூற விரையாமல் செவிசாய்க்க வேண்டும். அங்கே கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது முதல் விதி. ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் அண்டை வீட்டார் கூடும் இடத்தில் இவ்விதி தவறினால் மறு வாரம் எவரும் வரார்.

எல்லைகள்

இம்முறையின் பயனை மிகைப்படுத்தலாகாது. கவனப் பயிற்சிகளைப் பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு, பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைவதாக உறுதி செய்தது. ஆயினும் மருந்தையோ உடற்பயிற்சியையோ விட அவை மேலானவை என்பதற்குச் சான்று காணவில்லை. கொடிய நிகழ்ச்சிகளை அனுபவித்தோர் சிலருக்குக் கண்ணை மூடி உள்நோக்குவது பழைய அச்சத்தைக் கிளறக்கூடும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதும், வேண்டும்போது நிறுத்திக்கொள்வதும் நலம். கருவுற்றோரும் இதயநோய் உள்ளோரும் மருத்துவரைக் கேட்டே பயில வேண்டும்.

நாட்டின் 12 மாநிலங்களில் 2015–16-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவிகிதத்தினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை எனவும் கண்டறிந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, உணவிலும் உறக்கத்திலும் வெறுப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தோன்றின் மருத்துவ உதவியைத் தாமதமின்றி நாட வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி-மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மூச்சுப் பயிற்சி வாடகையைக் குறைக்காது. அடிக்கும் கையைத் தடுக்காது. அவற்றுக்குச் சட்டமும் நல்ல குடியிருப்பும் நியாயமான ஊதியமும் வேண்டும். ஆயினும், இறுகிய உடலோடு தனித்திருப்பவரைவிட, சற்றுத் தெளிந்த உள்ளமும் தம் நிலையறிந்த பத்துப் பேரின் துணையும் பெற்றவர் அவ்வுரிமைகளைக் கேட்டுப் பெறுவதற்கு மேலும் வலிமை உடையவராவார். அவ்வலிமையை வளர்க்கப் பொருட்செலவு இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரமும், பிறர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கும் மனமுமே தேவை.