மிச்சமுள்ள மூச்சைக் காப்போம்



1924-ல் எவரெஸ்ட் மலையில் ஏறக்குறைய 28,000 அடி உயரம்வரை ஆக்சிஜன் இல்லாமல் ஏறி, மூச்சுமுட்டித் திரும்பியவர் டாக்டர் சோமர்வெல். நமது நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர் அவர். இன்று நாங்கள் வார்டுகளில் சந்திக்கும் சிலருக்கு வீட்டு நடையேறுவதே மலையேற்றமாக இருக்கிறது.

"வயதாகிவிட்டது, அதனால் இளைக்கிறது" என்றே அநேகர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் பீடியும், கொதும்பும் ஓலையும் எரிக்கும் அடுப்புப் புகையும், வேலையிடத்துத் தூசியும் மெல்ல மெல்ல மூச்சுக்குழல்களைச் சுருக்கிவிடுகின்றன. டாக்டர்கள் இதை சி.ஓ.பி.டி. என்கிறார்கள். பீடியே தொடாத தாய்மாருக்கும் இது வரும். ஸ்பைரோமீட்டரில் பலமாக ஊதிப் பார்த்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது, மிச்சமுள்ளதைக் காக்கலாம். முதலாவது, பீடியை அறவே விட வேண்டும். சமையலறைப் புகை வெளியேற வழி வேண்டும். தினமும் இயன்ற தூரம் நடக்க வேண்டும். இளைத்தால் நின்று, மூக்கால் மூச்சை இழுத்து, உதடு குவித்து மெதுவாக ஊத வேண்டும். "பம்பு அடித்தால் அதுவே பழக்கமாகிவிடும்" என்ற பயம் வேண்டாம். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசியும் நல்லது.

உங்கள் சபையில் பாட்டின் நடுவே மூச்சு வாங்க நிற்கிறவர் உண்டா? அவருக்காக ஜெபியுங்கள், பரிசோதனைக்கும் கையோடு கூட்டிச் செல்லுங்கள். அதுவும் ஒரு காணிக்கையே.