புழு வைத்த புண், புழு சொன்ன தேதி

மாட்டுக்கு அடிபட்ட புண்ணில் புழு வைத்துவிட்டது என்றால் கிராமத்தில் வீடே பதறும். சீத்தா இலையை அரைத்து அப்புவார்கள், கற்பூரப் பொடியை வைத்துக் கட்டுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவர் வந்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடவேண்டியிருக்கும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலோ ஈப்புழுக்களைப் பக்குவமாக வளர்த்து, எண்ணி அடைத்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவைக்கிறார்கள். மருத்துவர் சீட்டில் எழுதித் தர, நோயாளியின் புண்ணில் வைத்துக் கட்டுகிறார்கள்.

இரண்டும் ஒரே ஈயின் புழு அல்ல. நம் மாட்டுப் புண்ணில் ஆழமாகத் துளைத்துக்கொண்டு போவது பெரும்பாலும் கிரைசோமியா பெஸ்சியானா என்ற ஈயின் புழு. அதற்கு உயிருள்ள சதைதான் வேண்டும். வேல்ஸில் வளர்ப்பது லூசிலியா செரிகேட்டா. இறைச்சிக் கடையில் பச்சையாக மினுமினுத்துக்கொண்டு உட்காருமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அழுகிய சதைதான் அதற்கு விருந்து.

அப்படியென்றால் இதை நம்பலாமா? பிரிட்டனில் செம்மறியாடு வளர்ப்பவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஈரமும் சாணமும் ஒட்டிய ரோமத்தில் இதே செரிகேட்டா முட்டையிட்டு, உயிரோடு இருக்கும் ஆட்டின் தோலைத் தின்னும். அதன் நெருங்கிய சொந்தமான லூசிலியா குப்ரினா ஆஸ்திரேலிய ஆட்டு மந்தைகளுக்கு எமன். மலேசியாவிலோ அதே குப்ரினாவின் புழுவைச் சர்க்கரைப் புண்ணுக்கு வைக்கிறார்கள். எனவே நல்ல புழு, கெட்ட புழு என்று இரண்டு பட்டியல் போட்டுவிட முடியாது. எந்த ஈ, என்ன சுத்தத்தில் வளர்ந்தது, எத்தனை மணி நேரம் விட்டுவைத்தோம் என்பதைப் பொறுத்தே பலன்.

புழுவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முட்டையிலிருந்து வந்ததும் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கால் இல்லை, கண் இல்லை. கூர்மையான முன்முனையில் இரண்டு கருப்புக் கொக்கிகள். பற்கள் கிடையாது, கடித்து மெல்லும் வேலையே இல்லை. கொக்கியால் பிடித்து இழுத்து நகர்ந்துகொண்டே, புரதத்தைக் கரைக்கும் நொதிகளை வெளியே கக்கும். செத்த திசு கூழாகும். அந்தக் கூழை உறிஞ்சிக்கொள்ளும். செரிமானம் பாதிக்கு மேல் உடம்புக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. அந்தக் கூழில் இருக்கும் பாக்டீரியாவும் சேர்ந்தே உள்ளே போகின்றன, பெரும்பகுதி குடலில் சாகின்றன. போதாததற்கு அதன் கழிவில் வரும் அம்மோனியா புண்ணைக் காரத்தன்மைக்கு மாற்றுகிறது. 2010இல் செக் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் புழுவிலிருந்து லூசிஃபென்சின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தையும் பிரித்தெடுத்தார்கள்.

மூச்சு விடும் துளைகள் மழுங்கலான பின்முனையில் இருக்கின்றன. தலை கூழுக்குள், பின்பக்கம் காற்றில் என்று நாள் முழுக்கத் தின்னலாம். மருத்துவர் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினால் புழு செத்துப்போகும் என்பதும் இதனால்தான்.

போர்க்களக் காயத்தில் புழு வைத்தும் ஆட்கள் பிழைத்ததை நெப்போலியனின் படை மருத்துவர் லாரே உட்படச் சிலர் முன்பே குறித்திருக்கிறார்கள். அதைச் சிகிச்சையாக்கியவர் வில்லியம் பேர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர். 1917இல், முதல் உலகப் போரில், இரண்டு சிப்பாய்கள் அவரிடம் வந்தார்கள். தொடை எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது, வயிற்றிலும் காயம். சோறு தண்ணீர் இல்லாமல் ஏழு நாள் களத்தில் கிடந்தவர்கள். அப்படிப்பட்ட முறிவு வந்தால் பெரும்பாலானோர் செத்துப்போன காலம் அது. இவர்களுக்கோ காய்ச்சல்கூட இல்லை. துணியை விலக்கினால் காயம் முழுக்க ஆயிரக்கணக்கில் புழு. அருவருப்போடு கழுவித் தள்ளிவிட்டுப் பார்த்தால், அடியில் சீழ் இல்லை. ரோஜா நிறத்தில் புதுச் சதை வளர்ந்திருந்தது.

அந்தக் காட்சியைப் பத்தாண்டுக்கு மேல் மனத்தில் வைத்திருந்து, 1928இல் பால்டிமோரில், எலும்புக்குள் சீழ் பிடித்து எந்த வைத்தியத்துக்கும் ஆறாத குழந்தைகளுக்குப் புழு வைத்தார். புண்கள் ஆறின. ஆனால் சில நோயாளிகளுக்கு டெட்டனஸ் வந்தது. புழு கிருமியைத் தின்னும் சரி, அது சுமந்துகொண்டு வரும் கிருமியை என்ன செய்வது? பேர் முட்டையிலேயே கை வைத்தார்: கிருமிநாசினியில் முட்டைகளைக் கழுவி, சுத்தமான சூழலில் பொரிக்கவைத்தார். என்னைக் கேட்டால் சிகிச்சை பிறந்தது போர்க்களத்தில் அல்ல, இந்தக் கழுவலில்தான். புண்ணில் தானாக வந்து விழுந்த புழுவுக்கும் மருந்துப் புழுவுக்கும் இன்றுவரை உள்ள வித்தியாசம் அதுவே. வீட்டில் யாருக்காவது புண்ணில் புழு தென்பட்டால் ‘தின்னட்டும்’ என்று விட்டுவிடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

1930களில் அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இம்முறையைக் கையாண்டன. லெடர்லி என்ற மருந்து நிறுவனமே புழு விற்றது. பிறகு பென்சிலின் வந்தது, புழு போனது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியபோது, 1990களில் கலிஃபோர்னியாவில் ரொனால்ட் ஷெர்மன் இதை மறுபடி கையில் எடுத்தார். 2004 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. சட்டத்தின் கண்ணில் புழு ஒரு ‘மருத்துவச் சாதனம்’, அதாவது கத்தரி, கட்டுத்துணி வகையறா! நாள்பட்ட சர்க்கரைப் புண், படுக்கைப் புண், ரத்த நாளம் வீங்கிக் காலில் வரும் புண் ஆகியவற்றுக்கு வைக்கலாம்.

வைக்கும் முறை எளிது. சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து முதல் எட்டு குட்டிப் புழுக்கள். சுற்றியுள்ள நல்ல தோலில் நொதி படாமல் மறைத்து, மேலே வலைத்துணி ஒட்டி, கசிவை உறிஞ்சப் பஞ்சு வைப்பார்கள். புழுவைப் பார்க்கவே முடியாது என்பவர்களுக்கு மெல்லிய வலைப்பையில் அடைத்தும் கிடைக்கிறது; கசிவு உள்ளே போகும், புழு வெளியே வராது. இரண்டு மூன்று நாளில் எடுத்துவிட வேண்டும். அதற்குள் அரிசி நீளத்தைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்குக் கொழுத்திருக்கும்.

பலன் எவ்வளவு? பிரிட்டனில் காலில் புண் உள்ள 267 பேரிடம் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பசை மருந்தைவிடப் புழு வேகமாகப் புண்ணைச் சுத்தம் செய்தது. புண் ஆறும் நாளோ குறையவில்லை. வலி அதிகமாக இருந்தது. புழு துப்புரவாளர், அதற்கு மேல் இல்லை. ஆனால் செத்த சதை தங்கிக் காலையே எடுக்கவேண்டிய நிலை நெருங்கும்போது அந்தத் துப்புரவும் சின்ன விஷயமில்லை.

இரண்டு மூன்று நாள் என்று கறாராகச் சொல்ல முடிவது, புழு வளரும் வேகம் முன்கூட்டியே தெரியும் என்பதால். தடய அறிவியலுக்கு வேண்டியதும் அந்த வேகம்தான். சடலம் கிடந்தால் இந்தக் குடும்பத்து ஈக்கள் பகல் வெளிச்சத்தில் சில நிமிடங்களிலேயே வந்து, கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடங்களில் முட்டையிடும். வெப்பமான ஊரில் ஒரு நாளுக்குள் பொரியும். புழு மூன்று பருவங்களைக் கடக்கும். பின்முனையின் மூச்சுத் துளையை நுண்ணோக்கியில் பார்த்தால் பருவம் தெரிந்துவிடும்: இரண்டாம் பருவத்தில் இரண்டு கீறல், மூன்றாம் பருவத்தில் மூன்று. பிறகு தின்பதை நிறுத்தி, விலகி ஊர்ந்து போய், பழுப்புக் கூட்டுக்குள் அடங்கும்.

எல்லாம் வெப்பத்தின் கையில் இருக்கிறது. சித்திரையில் இட்லி மாவு சீக்கிரம் பொங்கிவிடும், மார்கழியில் மறுநாள் மதியம் வரை அசையாது, புழுவும் அப்படியே. அதனால் ஆய்வாளர்கள் நாள் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் என்று பெருக்கிக் கூட்டுகிறார்கள். எடுத்த புழுக்களில் பாதியை வெந்நீரில் போட்டு எரிசாராயத்தில் பாதுகாப்பார்கள். நேராகச் சாராயத்தில் போட்டால் சுருங்கி நீளம் பொய்யாகிவிடும். மீதியை உயிரோடு வளர்த்து, எந்த ஈ வெளிவருகிறது என்று பார்ப்பார்கள்.

1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தில் மாஃபட் அருகே, ஒரு பாலத்தின் கீழ் ஓடையில் இரண்டு பெண்களின் உடல் துண்டுகள் பொட்டலங்களாகக் கிடந்தன. அடையாளம் தெரியாதபடி முகங்கள் சிதைக்கப்பட்டிருந்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மெர்ன்ஸ் அவற்றிலிருந்த புழுக்களைப் பார்த்து, நீல ஈயின் புழு, வயது 12 முதல் 14 நாள் என்றார். லங்காஸ்டரில் மருத்துவராக இருந்த பக் ரக்ஸ்டனின் மனைவியும் வீட்டுப் பணிப்பெண்ணும் காணாமல் போனது செப்டம்பர் 15 வாக்கில். ரக்ஸ்டன் பம்பாயில் பிறந்த பார்சி. உண்மையில் அவரை மாட்டிவிட்டதில் பெரும்பங்கு பொட்டலத்தைச் சுற்றிய செய்தித்தாளுக்கு. லங்காஸ்டர், மோர்கம் வட்டாரத்தில் மட்டும் விற்ற பதிப்பு அது. இருவரும் காணாமல் போன தேதிக்குப் புழு சாட்சி சொன்னது. 1936 மே 12 அன்று ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

புழு சொல்வது இறந்த நேரத்தை அல்ல, முட்டையிட்ட நேரத்தை. இடையில் தாமதம் இருந்தால் கணக்குப் பிசகும். ஹவாயில் போர்வைகளால் இறுகச் சுற்றிக் கிடந்த ஒரு பெண்ணின் சடலத்தில் புழுக்கள் பத்தரை நாள் வயதைக் காட்டின. அவர் காணாமல் போயோ 13 நாள். பூச்சியியலாளர் லீ கோஃப் செத்த பன்றியொன்றை அதேபோல் சுற்றித் தன் வீட்டுக் கொல்லையில் போட்டுப் பார்த்தார். ஈக்கள் வழி கண்டுபிடித்து முட்டையிட இரண்டரை நாள் ஆனது.

அமெரிக்காவின் ஸ்போகேன் ஊரில் நடந்த ஒரு வழக்கும் கோஃபிடம் வந்தது. சடலத்தில் இருந்த பெரும்பாலான புழுக்கள் ஒரு வாரம் என்றன. ஒரே ஒரு புழு மட்டும் மூன்று வாரத்துக்கு உண்டான நீளம், 17.7 மில்லிமீட்டர். வேறெங்கிருந்தோ ஊர்ந்து வந்ததா என்று குழம்பினார்கள். விசாரித்தபோது, இறந்தவர் கொக்கெயின் பழக்கம் உள்ளவர், சாவதற்குச் சற்று முன்பு மூக்கால் உறிஞ்சியிருக்கிறார் என்று தெரிந்தது. கொக்கெயின் கலந்த திசுவைத் தின்றால் புழு மளமளவென்று வளரும் என்பதை கோஃப் முன்பே சோதித்து வைத்திருந்தார். அந்தப் பெரிய புழு எடுக்கப்பட்டது மூக்குப் பகுதியிலிருந்து. ஒரு வாரக் கணக்கே நின்றது.