குளியலறையில் வெந்நீர்



லெம்பா பெர்த்தாம் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலைக் குளிர் எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கேமரன் மலையில் இரவு 15, 16 பாகைக்கு இறங்கிவிடும். பச்சைத் தண்ணீரை ஒரு சொம்பு மேலே ஊற்றினால் மூச்சே நின்றுவிடும் போலிருக்கும். முன்பெல்லாம் வீட்டுப் பின்புறம் மூன்று கல்லைக் கூட்டித் தகர டின்னில் வெந்நீர் போட்டோம். இப்போது வீட்டைச் செப்பனிடுகிறவர்கள் முதலில் கேட்பது மின்சார ஹீட்டரைத்தான். ஆனால் அது கடைசியாக மாட்ட வேண்டிய பொருள். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

தோட்டத்து வீடாக இருந்தால் சுவரில் உளியை வைக்குமுன் ஆபீசில் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

அடுத்து தரை. நாலடிக்கு ஐந்தடி இடம் போதும். தண்ணீர் வடிகிற மூலையை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். வடியும் இடத்தில் வளைந்த குழாய் வைத்தால் அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றமும் பூச்சியும் மேலே ஏறாது. தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் நீர் கசியாத பூச்சுப் பூசி, காய்ந்ததும் வடியும் துளையை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது. வரிசை வீடுகளில் அந்த ஈரம் முதலில் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் தெரியும். பிறகு வாய்ச்சண்டை வேறு. கழிவு நீரைச் சரிவு மண்ணில் விட்டுவிடாமல் கட்டிய வாய்க்காலில் சேருங்கள். தரைக்கு வழவழப்பான ஓடு வேண்டாம்.

ஓடு ஒட்டுமுன் மின்கம்பி சுவருக்குள் போயிருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். வழக்கமாக விற்கும் ஹீட்டர் 3.6 கிலோவாட் சக்தி உடையது. 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டுச் சாதாரண பிளக்கோ 13 ஆம்பியருக்கு உரியது. ஆகவே பிளக்கில் செருகக்கூடாது. மின்பலகையிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

நம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். ஹீட்டர் மாட்டிய முதல் வாரம், குழாயைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. மாட்டியவரிடம் சொன்னோம். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். நாமும் நம்பினோம்! நான்கு நாள் பிள்ளைகள் அதில்தான் குளித்தார்கள். பிறகு பதிவு பெற்ற வயர்மேன் ஒருவர் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே மின்கசிவு இருந்தது. எர்த் கம்பியோ எதிலும் இணைக்கப்படாமல் சுருண்டு கிடந்தது. அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை.

"பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்கலாம். காப்பாற்றாது. 20 ஆம்பியர் பியூஸ் கம்பியைக் காக்க வைத்தது, மனிதரைக் காக்க அல்ல. ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த குழாயைக் கை விடாது. அந்தச் சிறு அளவு பியூசுக்குத் தெரியவே தெரியாது. அதைக் கவனிக்க வேறு கருவி உண்டு. வயர்மேன்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடும். குறைந்தால், எங்கோ கசிகிறது என்று அறிந்து கண் இமைக்குமுன் துண்டித்துவிடும். தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மிகாத கருவி வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. வீடு முழுவதற்கும் பொதுவாக உள்ளதில் 100 என்று எழுதியிருந்தால் அது குளியலறைக்குப் போதாது.

பெர்த்தாம் ஆற்றை ரிங்லெட்டில் மறித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். நம் தண்ணீரில் பிறந்த மின்சாரம் திரும்பவும் தண்ணீரைச் சந்திக்கிற இடம் நம் குளியலறை!

தண்ணீர் போதிய அளவு சூடாகவில்லை என்று ஹீட்டரைக் குறை சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 3.6 கிலோவாட் ஹீட்டர் ஏறக்குறைய 17 பாகை சூடேற்றும். குழாயை இரு மடங்கு திறந்தால் சூடு பாதியாகும். மலைத் தண்ணீருக்குக் குழாயைச் சற்று ஒடுக்கியே திறக்க வேண்டும். தொட்டி கூரைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது என்றால் அழுத்தம் போதாமல் ஹீட்டர் எரியாமலும் போகலாம். அதற்குப் பம்பு வைத்த வகை உண்டு. எரிவாயு ஹீட்டர் வாங்குகிறவர்கள் அதை வீட்டுக்கு வெளியே மாட்டுங்கள். அடைத்த அறையில் அதன் புகை உயிரை வாங்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இ.எல்.சி.பி.யில் "டெஸ்ட்" என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். சட்டென்று விழுந்தால் வேலை செய்கிறது. விழாவிட்டாலும், குழாயில் சுருக்கென்றாலும், ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வயர்மேனுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் வரும்வரை பழைய தகர டின் இருக்கிறது. அந்த மூன்று கல்லும் பின்புறத்தில்தான் கிடக்கும்.