கத்தரியும் கையுமாக ஒரு நெல் கல்யாணம்

சத்தம் போடாமல் உள்ளே வாங்க. மின்விசிறி மட்டும் வேண்டாம், மகரந்தம் பறந்துவிடும்! இது பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். ஐ.ஆர்.8 நெல் பிறந்த இடம்தான். ஆனால் நாம் எட்டிப் பார்க்கப்போவது பெரிய வயல்களை அல்ல, தொட்டிச் செடிகளுக்கு நடக்கும் ஒரு திருட்டுக் கல்யாணத்தை.

மாப்பிள்ளை பெயர் ஒரைசா கோவார்க்டேட்டா. காட்டு நெல். வங்காளதேசக் கடற்கரையில் வளரும். நம் பிச்சாவரத்துச் சதுப்பிலும் உண்டு. உப்பு மண்ணும் ஒரு வகை வறட்சிதானே! காலடியில் தண்ணீர் தளும்பினாலும் சாதாரண நெல்லின் வேரால் அதை உறிஞ்ச முடியாது. பயிர் தாகத்தில் வாடும். இந்த ஆளோ, தினம் இரண்டு முறை ஓதம் ஏறி மூழ்கடித்தாலும் ஜம்மென்று நிற்பார். இலையின் மேல்புறத்தில் நுண்மயிர்கள் இருக்கின்றன. உள்ளே வந்த உப்பை அவை வெளியே தள்ளிவிடும். அரிசிதான் வாயில் வைக்க விளங்காது.

பெண், ஐ.ஆர்.56 என்கிற பயிர் நெல்.

நெற்பூவைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? உமிக்குள்ளே ஆறு மகரந்தப் பைகள், இறகு மாதிரி இரண்டு சூல்முடிகள். காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் உமி வாய் திறக்கும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். திறக்கிற நேரத்திலேயே தன் மகரந்தம் தன்மேல் விழுந்து காரியம் முடிந்துவிடும். சரியான சுயநலப் பூ! ஆகவே நாம் முந்திக்கொள்ள வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே உமியின் நுனியைக் கத்தரித்துவிட்டு, மெல்லிய உறிஞ்சு குழாயை வைத்தால், சர்ரென்று ஆறு பைகளும் போய்விடும். ஐந்துதான் போயிற்றா? போச்சு! மிச்சமிருக்கும் ஒன்றே போதும், கெடுத்துவிடும். கதிருக்குக் கண்ணாடித்தாள் உறை மாட்டி, தேதி எழுதிய சீட்டைக் கட்டினால் பெண் தயார். மறுநாள் காலை மாப்பிள்ளைக் கதிரைக் கொண்டுவந்து, உறையின் வாயைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து உதற வேண்டும். மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிஷம்தான், முகூர்த்தம் தவறக்கூடாது.

இவ்வளவு செய்தும் பொருத்தம் மகா மோசம். மாப்பிள்ளைக்குக் குரோமோசோம் 48, பெண்ணுக்கு 24. கரு உண்டானாலும், அதற்கு ஊட்ட வேண்டிய மாவுப் பகுதி ஒழுங்காக உருவாகாது, கரு பட்டினியில் கருகிவிடும். அதனால் இரண்டு வாரத்துக்குள் பிஞ்சைப் பறித்து, உமி உரித்து, கிருமி நீக்கி, உருப்பெருக்கியின் கீழே ஊசிமுனையால் கருவை மட்டும் நோண்டி எடுத்து, சோதனைக் குழாயில் ஊட்டக்கூழின்மேல் வைப்பார்கள். கை நடுங்கினால் தீர்ந்தது.

எத்தனை முறை கலந்தார்கள் தெரியுமா? 34,000! காப்பாற்ற முடிந்த கருக்கள் மூன்று. அதில் வளரத் தொடங்கியது ஒன்றே ஒன்று, அதுவும் நோஞ்சான். அதைச் சத்துக் கரைசலுக்கு மாற்றி, தாங்கித் தாங்கி வளர்த்த பிறகே வயலில் நட்டார்கள். (எனக்கென்றால் நூறாவது பூவிலேயே கத்தரியை வீசியிருப்பேன்.) இந்த நிலையத்து விஞ்ஞானி க்ஷிரோத் ஜெனாவின் குழு இதை அறிவித்தது 2013-இல்.

அந்த ஒற்றைச் செடி வயலுக்குப் போனதோடு வேலை முடியவில்லை. அதைத் தாய் வீட்டு ஐ.ஆர்.56-ஓடு திரும்பவும் கலக்க வேண்டும். பிறந்ததில் உப்பைத் தாங்குகிறவற்றைப் பொறுக்கி மறுபடி கலக்க வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை காட்டுப் பங்கு குறைந்துகொண்டே வரும். மாப்பிள்ளை வீட்டுச் சீரில் அந்த உப்பு வித்தை மட்டும் வந்தால் போதும். அரிசி ருசி வேண்டவே வேண்டாம், அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்!